பொருநை நாட்டில் போலித்தேள்களைத் தேடி அறிதல்: முழுமையான வழிகாட்டி

தேளைப் போலவே இரண்டு இடுக்கிகளை முன்னே நீட்டிக்கொண்டு நடக்கும். ஆனால் வாலும் இல்லை, கொடுக்கும் இல்லை. உடல் நீளம் பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், காலடியில் இருந்தும் கண்ணில் படாமலே போய்விடும் எட்டுக்கால் உயிரிகள் இந்தப் போலித்தேள்கள். உலகில் இதுவரை 4,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இவற்றின் பன்மையைப் பற்றிய பேச்சு எழுந்தால் இலங்கை, மடகாஸ்கர், சீஷெல்ஸ் போன்ற வெப்பமண்டலத் தீவுகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியதும், சுமார் 12 மில்லிமீட்டர் வரை வளர்வதுமான காரிபஸ் டைட்டானியஸ் கூட, தென் அட்லாண்டிக் கடலில் தனித்து நிற்கும் அசென்ஷன் தீவுக்கு உரியதுதான்.

திருநெல்வேலிச் சீமையில் இருப்பவர் இந்தப் பன்மை உருவாகும் விதத்தை அறியக் கப்பல் ஏற வேண்டியதில்லை என்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையின் ஈரக்காடுகள், கீழே வறண்ட சமவெளியால் சூழப்பட்டு நிற்கின்றன. ஈரமான இலைக்குப்பையை விட்டு ஒரு முழம் நகர்ந்தாலே உலர்ந்து இறந்துவிடக்கூடிய ஓர் உயிரிக்கு, அம்பாசமுத்திரத்து வெயில் கடலுக்கு நிகரான தடைதான். மலையில் ஒரு தீவு, கிழக்கே மன்னார் வளைகுடாவில் உண்மையான தீவுகள், கடலுக்கு அப்பால் இலங்கை என்னும் பெருந்தீவு என மூன்றையும் ஒப்பிடக்கூடிய இடத்தில் நாம் இருக்கிறோம். எனவே கண்டதைப் பிடித்துப் புட்டியில் அடைப்பதைவிட, எந்தப் போலித்தேள் எந்த நுண்ணிடத்தில் வாழ்கிறது என்பதைத் துல்லியமாகப் பதிவதே நம் வேலையின் உயிர்நாடி.

முதல் படி: இடத்தையும் இசைவையும் முடிவு செய்தல்

பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை, களக்காடு ஆகிய மலைப்பகுதிகளின் காடுகள் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. அங்கே ஒரு கைப்பிடி இலைக்குப்பையை எடுப்பதற்கும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்கா 1986இல் 21 தீவுகளைக் கொண்டு அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளுக்கும் இதே நிலைதான். தனியாள் விண்ணப்பிப்பதைவிட, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையோடோ, ஆழ்வார்குறிச்சியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தோடோ இணைந்து விண்ணப்பிப்பது நல்லது. புதிதாகத் தொடங்குபவருக்கு இவை எதுவும் உடனே தேவைப்படாது. சொந்தத் தோட்டம், உறவினரின் பனங்காடு, ஊர்ப் புளியந்தோப்பு, ஆற்றங்கரை மருதமரம் ஆகியவற்றில் உரியவர்களைக் கேட்டுக்கொண்டு தேடினாலே ஓராண்டுக்கு வேலை இருக்கும்.

இரண்டாம் படி: பருவம் அறிதல்

மலையில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன; சமவெளிக்கு வடகிழக்கு மட்டுமே கணிசமான மழை தருகிறது. ஆகவே சமவெளியிலும் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டிலும் இலைக்குப்பையைச் சலிக்க மார்கழி முதல் மாசி வரை ஏற்ற காலம். அதன்பின் மண் காயக் காய, போலித்தேள்கள் வெடிப்புகளுக்குள்ளும் கல்லடியிலும் இறங்கிவிடுகின்றன. மழை கொட்டிய மறுநாளே காட்டுக்கு ஓடுவதும் பயன் தராது. நனைந்த குப்பை கட்டியாகிச் சல்லடையில் இறங்காது. கையில் அள்ளினால் குளிர்ச்சியாக இருந்து, பிழிந்தால் நீர் வடியாத பதமே சரியான பதம். பட்டையடித் தேடலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, கோடையிலும் செய்யலாம்.

மூன்றாம் படி: கருவிகளைச் சேர்த்தல்

விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம். 5 முதல் 8 மில்லிமீட்டர் கண் கொண்ட கம்பிவலைச் சல்லடை, ஒரு பழைய வெள்ளை வேட்டி, வெள்ளைத் தட்டு, மிக நுண்ணிய ஓவியத் தூரிகை, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, இறுக மூடும் சிறு புட்டிகள், பென்சில், தடித்த தாள் ஆகியவை போதும். போலித்தேளை இடுக்கியால் கவ்வினால் நசுங்கிவிடும் என்பதால் தூரிகை நுனியை ஆல்கஹாலில் தோய்த்து அதில் ஒட்டவைத்து எடுக்க வேண்டும். பாதுகாக்கும் திரவம் 70 முதல் 75 விழுக்காடு எத்தில் ஆல்கஹால். மரபணு ஆய்வுக்கென்று எடுத்து வைப்பவற்றுக்கு 95 விழுக்காட்டுக்குக் குறையாதது வேண்டும். இதனைக் கல்லூரி ஆய்வகம் வழியாகப் பெறுவதே நேரான வழி.

போலித்தேள்களில் பலவற்றுக்கு இடுக்கி விரல்களில் நச்சுச் சுரப்பி உண்டு என்றாலும், அது சிற்றுண்ணிகளையும், குப்பையில் துள்ளும் நுண்ணுயிரிகளான வால்தெறிப்பிகளையும் செயலிழக்கச் செய்யும் அளவே. மனிதருக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆபத்து அண்டைவீட்டாரிடமிருந்துதான் வரும். மலைக்காட்டின் இலைக்குப்பையில் குழிவிரியன்களும், வறண்ட நிலத்தின் கல்லடியில் சுருட்டைவிரியனும் உண்மையான தேளும் பூரானும் இருக்கும். எனவே கையை விடுமுன் கோலால் கிளறுவதும், கல்லை நம்மை நோக்கிப் புரட்டி, அடியிலிருப்பது எதிர்ப்பக்கமாக வெளியேற வழி விடுவதும் மாறாத பழக்கமாக வேண்டும்.

நான்காம் படி: சலித்தல்

வேட்டியை விரித்து, ஒரு சதுர மீட்டர் பரப்பிலுள்ள இலைக்குப்பையை மேல்மண்ணோடு சேர்த்துச் சல்லடையில் அள்ளிச் சுளகு புடைப்பது போன்ற சீரான அசைவில் சலிக்க வேண்டும். பெரிய இலைகள் மேலே நிற்க, தூளும் சிற்றுயிர்களும் கீழே விழும். விழுந்த கணத்தில் எறும்புகளும் சிலந்திகளும் சிதறி ஓடும், போலித்தேள் ஓடாது. இடுக்கிகளை உடலோடு மடக்கி, கால்களை ஒடுக்கி, ஒரு மண்துகளைப் போலக் கிடக்கும். ஆரவாரம் அடங்கி ஓரிரு நிமிடம் ஆன பிறகே முதலில் ஓர் இடுக்கி விரியும், பிறகு மற்றொன்று. இரண்டையும் முன்னே ஏந்தி, காற்றைத் தடவிப் பார்ப்பதுபோல அசைத்தபடி மெல்ல நடக்கத் தொடங்கும். தூரிகை நுனியால் முன்பக்கம் தொட்டால், திரும்பாமலே பின்னோக்கி விருட்டென்று நகரும். இந்தப் பின்னோட்டத்தை ஒருமுறை கண்டவர் பிறகு போலித்தேளையும் உண்ணியையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ள மாட்டார். ஆகவே வேட்டியை உதறுமுன் குறைந்தது ஐந்து நிமிடமாவது அசையாமல் பார்த்திருக்க வேண்டும்; பொறுமையற்றவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

ஐந்தாம் படி: பட்டை, பனை, தேன்பெட்டி

சமவெளியில் போலித்தேள் தேடுபவருக்குப் பனையைப் போல உதவும் மரம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். பனை வகை மரங்களின் மட்டை இடுக்குகளில் போலித்தேள்கள் வாழ்வது பல நாடுகளில் அறியப்பட்ட செய்தி. நம் பனையில் மட்டைக்கும் தண்டுக்கும் இடையே வலைபோலப் படர்ந்திருக்கும் பன்னாடையும், அதில் சேர்ந்த தூசியும், தலைகீழாகத் தொங்கும் காவோலையும் சேர்ந்து, வெயில் நுழையாத பல அடுக்கு வீட்டை அமைத்துத் தருகின்றன. பதநீர்ப் பருவம் தொடங்குமுன் பனையேறிகள் பழைய மட்டையையும் பன்னாடையையும் களைந்து மரத்தைத் துப்புரவு செய்வார்கள். "அண்ணாச்சி, பன்னாடைய ஒதறாம இறக்கித் தாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, இறக்கியதை அப்படியே ஒரு வெள்ளைச் சாக்கில் வாங்கிக் கட்டி, நிழலில் வைத்து மட்டை மட்டையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மரம் ஏறும் அண்ணாச்சிக்கு அந்தச் சிறு பூச்சி எந்த மட்டத்தில் இருக்கும் என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். அவர் சொல்வதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

புளி, மருதம், வேம்பு ஆகியவற்றில் ஏற்கெனவே தளர்ந்து நிற்கும் பட்டைகளை மட்டுமே நெம்பிப் பார்க்க வேண்டும். உயிருள்ள பட்டையைப் பெயர்ப்பது மரத்துக்குக் கேடு. அதனடியில் போலித்தேளும் இராது. பட்டையின் உட்பக்கத்தில் மணலும் மரத்தூளும் சேர்த்து இழையால் நெய்த, மூடிய சிறு கூடு ஒன்று ஒட்டியிருந்தால் அதைத் தனியே பார்வையிடுங்கள். போலித்தேள்கள் வாயருகிலுள்ள கீலிக்கைகளின் நுனியிலிருந்து பட்டிழை சுரந்து, தோலுரிப்பதற்கும் முட்டை காப்பதற்கும் இவ்வாறு அறை கட்டுகின்றன. தாய் தன் வயிற்றடியில் ஒட்டிய பையில் கருக்களைச் சுமந்து ஊட்டி வளர்ப்பதையும் அந்த அறைக்குள் காணலாம். அப்படிப்பட்ட தாயைப் படம் எடுத்துக்கொண்டு, பட்டையை இருந்தபடியே பொருத்திவிட்டு வருவது நல்லது.

தேனீ வளர்ப்போர் பெட்டியின் அடிப்பலகையைத் துடைக்கும் நாளில் உடனிருப்பதும் பயனுள்ளது. எல்லிங்சேனியஸ் என்னும் பேரினம் தேனீக்களின் கூடுகளிலேயே வாழ்வது. அதில் எல்லிங்சேனியஸ் இண்டிகஸ் நம் நாட்டுத் தேனீயோடு சேர்ந்து வாழ்கிறது. பழைய நூல்கள், வைக்கோல் படப்பு, மாட்டுத்தொழுவத்துக் கூரை, கைவிடப்பட்ட பறவைக்கூடு ஆகியவையும் பார்க்கத் தக்கவை. புத்தக அலமாரியில் போலித்தேள் கிடைத்தால் கொன்றுவிடாதீர்கள். ஏட்டை அரிக்கும் சிறுபூச்சிகளையே அது உண்கிறது.

கடற்கரையில் உவரி, மணப்பாடு போன்ற இடங்களில் பேரலை எட்டும் கோட்டுக்குச் சற்று மேலே, கல்லடியிலும் கரையொதுங்கிய கட்டையடியிலும் தேட வேண்டும். இந்தியப் பெருங்கடலின் தீவுக்கரைகளில் காரிபஸ் பேரினத்தின் காரிபஸ் மால்டிவென்சிஸ், காரிபஸ் நிகோபாரென்சிஸ் போன்ற இனங்கள் வாழ்கின்றன என்பதைப் பெயர்களே சொல்லும். உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் பழகிய இக்கூட்டத்தை உள்நாட்டில் தேடுவது வீண்.

ஆறாம் படி: புனலில் இறக்குதல்

கண்ணுக்குத் தப்பிய சிறியவற்றைப் பிரித்தெடுக்கப் பெர்லீசி புனல் உதவும். அகன்ற பிளாஸ்டிக் புனலின் உள்ளே 2 மில்லிமீட்டர் கம்பிவலையை வைத்து, அதன்மேல் சலித்த குப்பையை நான்கு விரல் தடிப்புக்குப் பரப்பி, புனலின் வாயடியில் ஆல்கஹால் நிறைந்த புட்டியைக் கட்டி, மேலே 40 வாட் குண்டுபல்பு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். மேலிருந்து குப்பை உலர உலர, உயிரிகள் ஈரத்தைத் தேடிக் கீழிறங்கிப் புட்டியில் விழும். இதில் அவசரம் கூடாது. பல்பை மிக அருகில் வைத்தால் மேலடுக்கு திடீரென உலர்ந்து, மெதுவாக நடக்கும் போலித்தேள் குஞ்சுகள் வழியிலேயே மடிந்துவிடும். எனவே ஒரு சாண் உயரத்தில் வைத்து, மூன்று முதல் ஐந்து நாள் விடுங்கள். மின்சாரம் இல்லாத இடத்தில், வலைப்பையில் குப்பையை இட்டுத் துணி உறைக்குள் தொங்கவிடும் விங்க்ளர் பை முறை அதே வேலையைச் செய்யும்.

ஏழாம் படி: சீட்டு எழுதுதல்

ஒரு புட்டியில் ஓர் இடத்தின் ஒரு நுண்ணிடத்து மாதிரி மட்டுமே இருக்க வேண்டும். சீட்டைப் புட்டிக்கு வெளியே ஒட்டாமல், பென்சிலால் எழுதி உள்ளேயே போட வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். மாவட்டம், ஊர், அட்சரேகை-தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், எடுத்தவர் பெயர், எடுத்த முறை ஆகியவற்றோடு, "பனை, தரையிலிருந்து 4 மீட்டர், பன்னாடையின் உட்புறம்" என்ற அளவுக்கு நுண்ணிடத்தையும் எழுதுங்கள். "பாபநாசம், மரம்" என்று மட்டும் எழுதிய சீட்டைக் கொண்டு இந்த வழிகாட்டி நோக்கும் எதையும் அறிய முடியாது. மாவட்ட எல்லைகளையும் கவனிக்க வேண்டும்: 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்துவிட்டதால், பழைய பதிவுகளில் வரும் "திருநெல்வேலி" இன்றைய மூன்று மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம்.

எட்டாம் படி: குடும்பத்தை அறிதல்

இனம் வரை அறிவது வல்லுநர் வேலை. குடும்பம் வரை அறிவதைப் பொறுமையுள்ள எவரும் கற்கலாம். மாதிரியை லாக்டிக் அமிலத்தில் சில மணி நேரம் வைத்தால் உடல் தெளியும். பிறகு குழிவுள்ள கண்ணாடித் தகட்டில் கிளிசரின் துளியில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

முதலில் இடுக்கி விரல்களைப் பாருங்கள். சாதாரண மயிர்களுக்கு நடுவே, கிண்ணம் போன்ற குழியிலிருந்து எழும் மிக நீண்ட, மெல்லிய உணர்மயிர்கள் நிற்கும். காற்றின் அசைவையே அறியும் இவற்றை ட்ரைகோபாத்ரியா என்பர். பெரும்பாலான குடும்பங்களில் முதிர்ந்த போலித்தேளுக்கு அசையாத விரலில் எட்டும் அசையும் விரலில் நான்குமாக ஓர் இடுக்கிக்குப் பன்னிரண்டு இருக்கும். முதல் இளம்பருவத்தில் மூன்றும் ஒன்றும், இரண்டாவதில் ஆறும் இரண்டும், மூன்றாவதில் ஏழும் மூன்றும் என்று இவை கூடிக்கொண்டே வருவதால், மயிரை எண்ணியே வயதைச் சொல்லிவிடலாம். குஞ்சைப் புதிய இனம் என்று கருதி ஏமாறாமல் இருக்க இந்த எண்ணிக்கை இன்றியமையாதது.

அடுத்து கால்கள். முன்னிரு இணைக் கால்களின் பாதம் ஒரே கணுவாகவும் பின்னிரு இணைகளில் இரு கணுவாகவும் இருந்து, உடலளவுக்குப் பொருந்தாத பெரிய கீலிக்கைகளும் இருந்தால் க்தோனியிடே குடும்பத்தையோ அதன் நெருங்கிய உறவையோ கருதலாம். இடுக்கியின் கைப்புறத்தின் மேல்பக்கத்தில் இரண்டு உணர்மயிர்கள் நிற்பது அதை உறுதிப்படுத்தும். இவை ஈர இலைக்குப்பைவாசிகள், நச்சுச் சுரப்பி அற்றவை. எல்லாக் கால்களிலும் பாதம் இரு கணுவாக இருந்து, உடல் நீண்டு உருளையாகவும் பளபளப்பாகவும் இருந்தால் ஓல்பியிடே குடும்பத்தை எண்ணலாம். வறண்ட நிலத்துக் கல்லடியும் மரப்பட்டையும் அதன் இருப்பிடம். எல்லாக் கால்களிலும் ஒரே கணுவாக இருந்தால் பெரும்பாலும் பட்டைவாழ் கூட்டத்தைச் சேர்ந்தது. அங்கே நச்சு எந்த விரலில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்: அசையாத விரலில் மட்டும் என்றால் ஏட்டெம்னிடே, அசையும் விரலில் மட்டும் என்றால் செர்னெட்டிடே, இரண்டிலும் என்றால் செலிஃபெரிடே அல்லது வித்தியிடே. எல்லிங்சேனியஸ் இதில் செலிஃபெரிடே குடும்பத்தது.

மேலும் நுழைய விரும்புவோர் 1977இல் வி. ஏ. மூர்த்தியும் தி. ந. அனந்தகிருஷ்ணனும் இந்தியப் போலித்தேள்களைத் தொகுத்து வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்க வேண்டும். இலங்கையின் இனங்களுக்கு வியன்னாவைச் சேர்ந்த மாக்ஸ் பையர் எழுதியவை அடித்தளம். பிற்கால மாற்றங்களை உலகப் போலித்தேள் இணையப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் பழைய பேரினப் பெயர்கள் பல இன்று மாறிவிட்டன.

ஒன்பதாம் படி: தீவையும் மலையையும் ஒப்பிடுதல்

ஒப்பிட வேண்டுமானால் உழைப்பு சமமாக இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒரே பரப்பளவு இலைக்குப்பை, ஒரே எண்ணிக்கை மரங்கள், மரத்துக்கு ஒரே அளவு நேரம் என்று முன்னரே வகுத்துக்கொள்ளுங்கள். மாதிரிகள் கூடக் கூடப் புதிய வகைகள் எத்தனை சேர்கின்றன என்று வரைபடமாக வரைந்தால், கோடு சாய்ந்து படியும்போது அந்த இடம் ஓரளவு அறியப்பட்டது என்று கொள்ளலாம்; ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் தேட வேண்டும்.

பட்டியல்களை அருகருகே வைக்கும்போது, இடங்களைவிட வாழ்முறையே முதலில் பிரிந்து தெரிய வேண்டும். பட்டையடியில் வாழும் போலித்தேள்களில் பல, வண்டுகளின் உடலையோ ஈக்களின் காலையோ இடுக்கியால் பற்றிக்கொண்டு பயணம் செய்கின்றன. காய்ந்துபோன ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மட்டுமன்றி, காற்றும் மிதக்கும் கட்டையும் துணைபுரிந்தால் தீவுக்குத் தீவும் போய்ச் சேர முடியும். இவற்றைச் சமவெளியிலும் மலையடியிலும் இலங்கையிலும் ஒத்த வடிவில் எதிர்பார்க்கலாம். ஈர இலைக்குப்பையில் வாழ்பவற்றுக்கு இந்த ஊர்தி வசதி மிக அரிது. கடைசிப் பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இலங்கையும் தமிழகமும் நிலத்தால் இணைந்திருந்தன என்றாலும், இடையே இருந்தது வறண்ட தரை. ஆகவே இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு வாசியும் அகத்தியமலை வாசியும் ஒன்றையொன்று சந்திக்க அந்தப் பாலம் உதவியிராது என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது.

இன்னும் பழைய பிரிவின் தடமும் இவற்றில் உண்டு. இந்தோஹையா என்னும் பேரினம் இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் வடமேற்கு ஆஸ்திரேலியாவிலும் வாழ்கிறது. முன்னுடல் ஓட்டின் முன்விளிம்பில் மடல்கள் நீட்டிய விந்தை உருவம் கொண்ட ஃபியெல்லிடே குடும்பம் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், சீஷெல்ஸ், இந்தியா, வடமேற்கு ஆஸ்திரேலியா என்று பரவிக் கிடக்கிறது. கோண்ட்வானாப் பெருநிலம் உடைந்து விலகியபோது தத்தம் துண்டுகளோடு பிரிந்து வந்தவை என்பதே இந்தப் பரவலுக்கு இயல்பாகப் பொருந்தும் விளக்கம். பொதிகையின் குப்பையில் இத்தகைய ஒன்று கிடைத்தால், அதன் சீட்டில் உள்ள உயரமும் நுண்ணிடமும் புட்டியில் உள்ள உயிரியின் அளவுக்கே மதிப்புடையவை.

பத்தாம் படி: ஒப்படைத்தல்

மாதிரிகளை வீட்டு அலமாரியில் வைத்திருக்கக் கூடாது. ஆல்கஹால் ஆவியாகிப் புட்டி வற்றிவிட்டால் ஆண்டுக்கணக்கான உழைப்பு அழிந்துவிடும். ஆண்டுக்கு இருமுறை திரவத்தின் மட்டத்தைப் பார்த்து நிரப்புவதோடு, வகைப்படுத்தியவற்றைக் கல்லூரி அருங்காட்சியகத்திடமோ, சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையத்திடமோ பதிவெண் பெற்று ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு வல்லுநர் கேட்டார் என்பதற்காக மாதிரியை அஞ்சலில் அனுப்பிவிடக் கூடாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி, சென்னையில் இயங்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் நடைமுறைகளை முடித்த பின்னரே அனுப்ப வேண்டும். அதுவரை அளவுகோலோடு எடுத்த தெளிவான நுண்ணோக்கிப் படங்களை அனுப்பலாம்: மேற்புறம், அடிப்புறம், இடுக்கியின் பக்கவாட்டுத் தோற்றம், கீலிக்கை, நான்காம் கால் ஆகிய ஐந்தும் தெளிவாக இருந்தால் குடும்பத்தையும், பல வேளைகளில் பேரினத்தையும் அவரால் சொல்லிவிட முடியும்.